பாப் டிலன், மான்செஸ்டர், 1966: ஒரே இரவின் இரண்டு பாதிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஆல்பம்?

அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான பாப் டிலனின் வெளிவராத பழைய பதிவுகளைத் தரும் 'பூட்லெக் சீரிஸ்' வரிசையில் நான்காவதாக, 1998 அக்டோபரில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட கச்சேரிப் பதிவு. தலைப்பு 'லைவ் 1966'; அதனுடன் 'ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி' என்ற பெயரும் மேற்கோள் குறிகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு குறுந்தகடுகள், பதினைந்து பாடல்கள், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

முதல் தகட்டில் டிலன் தனியாக நிற்கிறார். கையில் ஒரு மரக் கிட்டார், கழுத்தில் மாட்டிய ஹார்மோனிகா, அவ்வளவுதான். இரண்டாவது தகட்டில் அவருக்குப் பின்னால் ஐந்து பேர் கொண்ட ராக் இசைக்குழு முழு வேகத்தில் வாசிக்கிறது. இரண்டும் ஒரே இரவில், ஒரே மேடையில், ஒரே கூட்டத்தின் முன் நடந்தவை. முதல் பாதிக்குக் கைதட்டல். இரண்டாம் பாதிக்குக் கூச்சல்.

கச்சேரி நடந்தது மான்செஸ்டரில் என்றால் லண்டன் அரங்கின் பெயர் எப்படி வந்தது?

1966 மே 17 அன்று மான்செஸ்டர் நகரின் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்த கச்சேரி இது. டிலனின் நிறுவனம் அதை முறையாக ஒலிப்பதிவு செய்தது, ஆனால் வெளியிடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பதிவு எப்படியோ வெளியே கசிந்து, அனுமதியில்லாத கள்ள இசைத்தட்டாகக் கைமாறத் தொடங்கியது. அதை அச்சடித்தவர்கள் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்தது என்று தவறாக எழுதிவிட்டார்கள். அந்தத் தவறே ஊரெங்கும் பெயராக நிலைத்தது. பிறகு ஆய்வாளர்கள் மான்செஸ்டர் என்று உறுதிசெய்தபோதும், ரசிகர்களின் நாவில் பழைய பெயர் மாறவில்லை. 1998இல் நிறுவனமும் அந்தப் பெயரை விடாமல், மேற்கோள் குறிக்குள் வைத்துத் தந்தது.

உண்மையான ஆல்பர்ட் ஹால் கச்சேரிகள் அதே மே மாதம் 26, 27 தேதிகளில் நடந்தன. அவற்றில் முதல் நாள் கச்சேரி 2016இல் தனி ஆல்பமாக வந்திருக்கிறது. வாங்கும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் சுற்றிவந்த கள்ளத் தட்டுகளில் இரண்டாம் பாதி, அதாவது எலெக்ட்ரிக் பாதி மட்டுமே இருந்தது. அதனால் இந்தக் கச்சேரி என்றாலே சண்டையும் சத்தமும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. முதல் பாதி கூட வந்து சேர்ந்த பிறகுதான் இந்த இரவின் முழு உருவம் தெரிகிறது.

மின்சாரக் கிட்டாரைக் கையில் எடுத்தது அவ்வளவு பெரிய குற்றமா?

இன்று கேட்பவருக்கு இது புரியாமல் போவது இயல்பு. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நாட்டார் இசை என்பது ரசனை மட்டும் அல்ல. அது ஒரு நிலைப்பாடு. சுரங்கத் தொழிலாளி, நெசவாலைப் பெண், மாலுமி ஆகியோரின் பாடல்களைத் தேடிச் சேகரித்துப் பாடுவது, வணிகப் பாட்டுக்கு எதிராக மக்களின் குரலைக் காப்பது என்று அதைச் செய்தவர்கள் மனமார நம்பினார்கள். அவர்களில் பலர் இடதுசாரிகள். மதுக்கடைகளின் மாடி அறைகளில் வாரந்தோறும் கூடி, ஒலிபெருக்கிகூட இல்லாமல் பாடினார்கள். மின்சாரக் கிட்டார் அவர்களுக்குப் பணம் பண்ணும் இசையின் கருவி. பதின்பருவப் பிள்ளைகளின் சட்டைப்பையைக் குறிவைக்கும் தொழிலின் அடையாளம்.

அந்த உலகில்தான் டிலன் பெயர் பெற்றார். போருக்கும் நிறவெறிக்கும் எதிராக அவர் எழுதிய பாடல்களை அவர்கள் தங்கள் சொத்தாகவே கருதினார்கள். இருபத்திரண்டு வயதிலேயே ஒரு தலைமுறையின் மனசாட்சி என்ற சுமையை அவர் தலையில் ஏற்றிவிட்டார்கள். அவரே கேட்டு வாங்கிய சுமை அல்ல அது.

மான்செஸ்டர் ஊருக்கு இதில் தனி அழுத்தம் உண்டு. ஃப்ரீ டிரேட் ஹால் நிற்கும் இடம், 1819இல் வாக்குரிமை கேட்டுத் திரண்ட மக்களைக் குதிரைப்படை வெட்டிச் சாய்த்த பீட்டர்லூ படுகொலை நடந்த களம். இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்களை எதிர்த்த இயக்கத்தின் வெற்றியைக் கொண்டாட எழுந்ததால்தான் அரங்கத்துக்கு 'ஃப்ரீ டிரேட்', அதாவது தடையற்ற வணிகம், என்ற பெயர். பிரிட்டிஷ் நாட்டார் இசை மறுமலர்ச்சியின் பெரும் தலைவரான யூவன் மெக்கால் பிறந்தது பக்கத்து ஊரான சால்ஃபர்டில். டிலனின் புதிய போக்கை 1965இலேயே எழுத்தில் கடுமையாகத் தாக்கியவர் அவர்.

ஆகவே கூச்சலிட்டவர்களை மூடர்கள் என்று ஒதுக்கிவிடும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அவர்கள் ஒன்றை உயிராக நம்பினார்கள். அவர்கள் காது தவறியது, நேர்மை தவறவில்லை.

அவர் குழுவோடு வருவார் என்று அவர்களுக்கு முன்பே தெரியாதா?

தெரியும். 1965 மார்ச்சில் வந்த ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதும் இசைக்குழுவோடுதான். ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் அவர் மின்சாரக் கிட்டாரோடு மேடையேறிய செய்தி கடல் கடந்து வந்துவிட்டது. 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது.

ஆனால் மான்செஸ்டர் மக்கள் நேரில் பார்த்த டிலன் வேறு. 1965 மே மாதம் இதே ஃப்ரீ டிரேட் ஹாலில், இதே மேடையில், கிட்டாரும் ஹார்மோனிகாவுமாகத் தனியாக நின்று முழுக் கச்சேரியையும் பாடிவிட்டுப் போனார். ஓராண்டு கழித்து அதே இடத்தில் மலைபோல் ஒலிபெருக்கிகள். இசைத்தட்டில் பொறுத்துக்கொண்டதை மேடையில் பொறுக்க முடியவில்லை.

சிலர் கூச்சலிடவே டிக்கெட் வாங்கி வந்தார்கள் என்பதும் உண்மை. அந்தச் சுற்றுப்பயணம் முழுவதும், ஆஸ்திரேலியாவிலிருந்து அயர்லாந்து வரை, எதிர்ப்பு கூடவே வந்துகொண்டிருந்தது.

முதல் பாதி அமைதியானது, பழைய டிலன்; இரண்டாம் பாதி புரட்சி, புதிய டிலன் என்கிறார்களே, சரியா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். அந்தக் கூற்று தவறு. பாடல் பட்டியலே அதை மறுக்கிறது.

முதல் பாதியில் ஏழு பாடல்கள். 'ஷி பிலாங்ஸ் டு மீ' மேலே சொன்ன 1965 மார்ச் ஆல்பத்தின் எலெக்ட்ரிக் பக்கத்தில் இருந்தது. 'ஃபோர்த் டைம் அரவுண்ட்', 'விஷன்ஸ் ஆஃப் ஜொஹானா', 'ஜஸ்ட் லைக் எ வுமன்' மூன்றும் அதே 1966இன் தொடக்கத்தில் நாஷ்வில் நகரில் வாத்தியக் குழுவோடு பதிவானவை. அவை இடம்பெற்ற 'ப்ளோண்ட் ஆன் ப்ளோண்ட்' அப்போது பிரிட்டன் கடைகளுக்கு வந்திருக்கவே இல்லை. 'டெசொலேஷன் ரோ' கூட ராக் ஆல்பம் ஒன்றின் கடைசிப் பாட்டு. ஆக, ஏழில் நான்கு பாடல்கள் குழுவோடு பதிவு செய்யப்பட்டவை. மரக் கிட்டாரில் வாசித்ததால் கூட்டம் அவற்றைப் பழைய நாட்டார் டிலன் என்று எடுத்துக்கொண்டு பக்தியோடு கேட்டது.

இப்போது இரண்டாம் பாதிக்கு வாருங்கள். எட்டுப் பாடல்கள். அவற்றில் மூன்று, டிலன் தனியாகக் கிட்டார் மீட்டிப் பாடிப் பதிவு செய்த பழைய பாடல்கள். 'பேபி, லெட் மீ ஃபாலோ யூ டவுன்' 1962இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்திலேயே இருக்கிறது. அதுவும் அவர் எழுதியதல்ல, நாட்டார் பாடகர்களிடமிருந்து கற்றுக்கொண்ட பாட்டு. 'ஒன் டூ மெனி மார்னிங்ஸ்', 'ஐ டோன்ட் பிலீவ் யூ' இரண்டும் 1964இல் வந்தவை. இவற்றைத்தான் மக்கள் துரோகம் என்று எதிர்த்துக் கூச்சலிட்டார்கள்.

அதாவது, ராக் பாடல்களுக்குக் கைதட்டினார்கள். நாட்டார் பாடல்களுக்குக் கூச்சலிட்டார்கள். காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்த கருவியே அன்றைய தீர்ப்பை எழுதியது. இந்த ஆல்பத்தை இரண்டு பாதிகளுக்கு இடையிலான போட்டியாகக் கேட்பவர்கள் இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

முதல் பாதியில் எதைக் கவனிக்க வேண்டும்?

குரலை. அதில் அவசரமே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் வைத்து நீட்டி, சில இடங்களில் வளைத்து, வரியின் கடைசி எழுத்தை நாம் எதிர்பார்த்த இடத்துக்குப் பின் விடுகிறார். கிட்டார் அடியோட்டம் மட்டும், அலங்காரம் இல்லை. ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் இடையில் அரங்கின் மௌனமே கேட்கிறது. இரண்டாயிரம் பேர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

'விஷன்ஸ் ஆஃப் ஜொஹானா'வை முதல்முறையாக அன்று கேட்டவர்களை நினைத்துப்பாருங்கள். இரவு, ஒரு மாடி அறை, அருகில் ஒரு பெண், மனத்தில் வேறொரு பெண். அங்கிருந்து அருங்காட்சியகங்களுக்கும் ஓவியப் பெண்களுக்கும் தாவும் பாட்டு. எந்தப் போராட்டச் செய்தியும் அதில் கிடையாது. பொருள் எளிதில் கைக்கு அகப்படாது. முந்தைய ஆண்டுகளின் எதிர்ப்புப் பாடல்களிலிருந்து அவர் எவ்வளவு தொலைவு போய்விட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கூச்சலிட வேண்டும் என்றால் இங்கேயே தொடங்கியிருக்க வேண்டும். யாரும் தொடங்கவில்லை.

'டெசொலேஷன் ரோ' பதினொரு நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. பதிவுக்கூட வடிவத்தில் துணைக்கு இன்னொரு கிட்டார் பின்னிப் பின்னி வரும். இங்கே அதுவும் இல்லை. இருந்தும் சலிப்பதில்லை, காரணம் ஒவ்வொரு பாத்திரமும் நுழையும்போது குரலின் எடை மாறுகிறது. முடிவில் வரும் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டில் ஹார்மோனிகாவுக்காகவே காத்திருங்கள். ஒரே சிறு இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப ஊதி, உடைத்து, மறுபடி கோத்து, மூச்சு தீரும்வரை போகிறார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு சுற்று வருகிறது. என் கணக்கில் இந்த ஆல்பத்தின் மிகத் துணிச்சலான இசை இதுதான், அதில் மின்சாரத்துக்குப் பங்கே கிடையாது.

இரண்டாம் பாதியில் வாசிப்பவர்கள் யார்?

ராபி ராபர்ட்சன் கிட்டார், ரிக் டாங்கோ பேஸ் கிட்டார், ரிச்சர்ட் மானுவல் பியானோ, கார்த் ஹட்சன் ஆர்கன், மிக்கி ஜோன்ஸ் டிரம்ஸ். முதல் நால்வரும் கனடாக்காரர்கள். 'ஹாக்ஸ்' என்ற பெயரில் ரானி ஹாக்கின்ஸ் என்ற பாடகருக்குப் பின்னால் சாலையோர மதுக்கடைகளில் ஆண்டுக்கணக்கில் வாசித்துத் தேறியவர்கள்.

அவர்களுடைய இயல்பான டிரம்ஸ் கலைஞர் லீவான் ஹெல்ம். ஊர் ஊராகக் கூச்சலைக் கேட்டு மனம் வெறுத்து 1965 இறுதியில் அவர் விலகிவிட்டார். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்த் துரப்பண மேடையில் வேலைக்குப் போனார். அவர் இடத்தில் வந்த ஜோன்ஸ் டெக்சாஸ்காரர், கை கனமானவர். ஹெல்ம் இருந்திருந்தால் தாளம் இன்னும் நெளிவாக இருந்திருக்கும். ஆனால் இந்த இரவுக்கு வேண்டியிருந்தது நெளிவு அல்ல. ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் ஜோன்ஸ் அடிக்கும் முதல் அடியைக் கேளுங்கள். கதவை உடைத்துத் திறப்பதைப் போல் இருக்கும்.

ஹட்சனின் ஆர்கனுக்காகத் தனியாக ஒருமுறை கேட்பது நல்லது. மற்றவர்கள் முன்னால் மோதிக்கொண்டிருக்க, அவர் பின்னாலிருந்து சுழன்று சுழன்று எழும்பும் ஒரு சர்க்கஸ் கூடாரத்து ஒலியைக் கொண்டுவருகிறார். ராபர்ட்சனோ டிலன் பாடும் வரிகளின் இடைவெளிகளில் மட்டும் கூர்மையாகக் குத்திவிட்டு விலகிக்கொள்கிறார்.

அந்த எட்டுப் பாடல்களில் எவை தவறவிடக் கூடாதவை?

எல்லாம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் சமமாக அல்ல. தொடக்கப் பாட்டான 'டெல் மீ, மாமா' எந்தப் பதிவுக்கூட ஆல்பத்திலும் கிடையாது. அந்த 1966 பயணத்தோடு அதைப் பாடுவதையே விட்டுவிட்டார். ஆகவே அதற்கு இந்தப் பயணத்தின் பதிவுகளே கதி.

அடுத்த பாட்டான 'ஐ டோன்ட் பிலீவ் யூ'வுக்கு முன், இது முன்பு அப்படி இருந்தது, இப்போது இப்படிப் போகிறது என்று டிலன் சொல்லிவிட்டுத் தொடங்குகிறார். கூட்டத்துக்கு அவர் தந்த விளக்கம் இந்த ஒரு வாக்கியம்தான். போதுமான விளக்கம்.

'ஒன் டூ மெனி மார்னிங்ஸ்' பாட்டுக்கு நான் எப்போதும் திரும்பிப் போகிறேன். மூலத்தில் கிசுகிசுப்பாக ஒலித்த பிரிவுப் பாட்டு. இங்கே குழு முழு எடையோடு இறங்கினாலும் துயரம் சிதையவில்லை. வரிகளின் கடைசிச் சொல்லில் டாங்கோ மேல்குரலில் வந்து சேரும் இடம் நெஞ்சைப் பிடித்து இழுக்கும். மின்சாரம் நாட்டார் பாட்டைக் கொன்றது என்று சொன்னவர்களுக்கு இந்த ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினால் போதும்.

அந்தப் பாட்டுக்கு முன்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. கூட்டம் தாளம் தவறாமல் மெதுவாகக் கைதட்டி எதிர்ப்பைக் காட்டுகிறது. டிலன் கோபப்படாமல் ஒலிவாங்கியை நெருங்கி, ஏதோ கதை சொல்வதுபோல் முணுமுணுக்கத் தொடங்குகிறார். ஒரு சொல்லும் புரியாது. என்ன சொல்கிறார் என்று அறிய மக்கள் மெல்ல அடங்குகிறார்கள். அரங்கம் அமைதியானதும், நீங்கள் இவ்வளவு பலமாகக் கைதட்டாமல் இருந்தால், என்று தெளிவாக முடிக்கிறார். அரங்கமே சிரித்துக் கைதட்டுகிறது. எதிர்ப்பவர்களையும் ஒரு கணம் தன் பக்கம் இழுத்துவிடும் அந்த மேடைச் சாதுரியம், இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத இளைஞருடையது.

'பேலட் ஆஃப் எ தின் மேன்' பாட்டுக்கு டிலன் கிட்டாரை வைத்துவிட்டுப் பியானோவில் அமர்கிறார். கண்ணெதிரே ஏதோ நடக்கிறது, என்னவென்று உமக்குத் தெரியவில்லையே என்று மிஸ்டர் ஜோன்ஸ் என்ற பாத்திரத்தைப் பார்த்துக் கேட்கும் பாட்டு அது (டிரம்ஸ் வாசிக்கும் ஜோன்ஸ் அல்ல). அந்த அரங்கில் அதை யாரைப் பார்த்துப் பாடினார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

'லெப்பர்ட் ஸ்கின் பில் பாக்ஸ் ஹாட்' நல்ல ப்ளூஸ் ஆட்டம். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

'யூதாஸ்' என்ற கூக்குரல் எங்கே வருகிறது? உண்மையில் என்ன நடந்தது?

கடைசிப் பாட்டுக்குச் சற்று முன். குழு சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு கணம் அமைதி. கூட்டத்திலிருந்து ஒருவர் தெளிவாக, நீட்டி, 'யூதாஸ்!' என்று கத்துகிறார். முப்பது வெள்ளிக் காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடனின் பெயர். சிலர் கைதட்டுகிறார்கள், இன்னும் சில கூச்சல்கள் எழுகின்றன.

டிலன் சற்றுத் தாமதித்து, 'உன்னை நான் நம்பவில்லை' என்கிறார். அவருடைய சொந்தப் பாட்டான 'ஐ டோன்ட் பிலீவ் யூ'வின் தலைப்பு அது. சற்று முன்னர்தான் அதே மேடையில் பாடியிருந்தார். பிறகு, 'நீ பொய்யன்' என்கிறார். உடனே குழுவின் பக்கம் திரும்பி, ஒரு வசைச்சொல்லோடு, உரக்க வாசியுங்கள் என்கிறார். ஜோன்ஸின் முதல் அடி விழுகிறது. 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' தொடங்குகிறது.

இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், அதனால் அந்தச் சில நொடிகளை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர். பாட்டையும் கேளுங்கள். பதிவுக்கூட வடிவத்தைவிட மெதுவாகப் போகிறது, ஆனால் எடை பல மடங்கு. எப்படி இருக்கிறது என்று கேட்கும் அந்தப் பல்லவியை ஒவ்வொரு முறையும் இன்னும் நீட்டி, கடைசியில் கிட்டத்தட்ட ஊளையிடுகிறார். வென்றவனின் குமுறல் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. காயம்பட்டவனின் குரலும் அதில் உண்டு.

அன்று அரங்கில் கேட்டதும் நாம் ஆல்பத்தில் கேட்பதும் ஒன்றுதானா?

இல்லை, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஃப்ரீ டிரேட் ஹால் அப்போது ஒரு சிம்ஃபொனி இசைக்குழுவின் வீடு. ஹாலே இசைக்குழு அங்கேதான் வாசித்தது. 1940இல் குண்டுவீச்சில் சிதைந்து, 1951இல் மீண்டும் திறந்த அரங்கம். ஒலிபெருக்கி இல்லாத வயலின்களின் ஓசை கடைசி வரிசை வரை போய்ச் சேரும்படி அமைத்த இடத்தில், ராக் குழு முழு ஒலியில் வாசித்தால் எதிரொலி மேல் எதிரொலி மோதும். பாடகர் குரலை இசைக்கு மேலே தூக்கிக் காட்டும் கருவிநுட்பமும் அப்போது வளராத பருவம். சொற்கள் எங்களுக்குக் கேட்கவே இல்லை என்று அங்கே இருந்தவர்கள் பலர் பின்னாளில் சொன்னார்கள்.

நமக்கோ ஒலிவாங்கிகளிலிருந்து நேராகப் பதிவான தெளிவான ஓசை கிடைக்கிறது. ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. சொல்லுக்காகவே டிலனிடம் வந்த ரசிகர்களுக்குச் சொல் மறைந்துபோனது. அவர்கள் கோபத்தின் ஒரு பங்கு அதுதான் என்பது என் திடமான எண்ணம்.

ஆங்கில வரிகள் பிடிபடவில்லை. எப்படிக் கேட்பது?

டிலனின் உச்சரிப்பு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே சிக்கல்தான். முதல் பாதியை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். அதன் பிறகு தாளை மூடிவையுங்கள். இரண்டாம் பாதிக்கு வரிகள் வேண்டாம். நல்ல ஒலிபெருக்கியில், அக்கம்பக்கம் அனுமதிக்கும் அளவு சத்தமாகக் கேட்டால் போதும்.

இரண்டையும் ஒரே அமர்வில் கேட்பது முக்கியம். தனித்தனிப் பாட்டாகப் பொறுக்கிக் கேட்டால் இந்த ஆல்பம் திறப்பதில்லை. 'டாம்பரின் மேன்' முடிந்த பிறகு ஓர் இடைவேளை விட்டு, எழுந்து நடந்து வந்து, பிறகு இரண்டாவது தகட்டைப் போடுங்கள். அன்று மக்களுக்குக் கிடைத்ததும் அந்த வரிசையே.

டிலனை இதுவரை கேட்டதே இல்லை. இதிலிருந்து தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் 1965இன் 'ஹைவே 61 ரீவிசிட்டட்' ஆல்பத்தை முதலில் கேட்டுவிட்டு வந்தால் பலன் அதிகம். இங்குள்ள நான்கு பாடல்களின் மூல வடிவம் அதில் இருக்கிறது. மாற்றத்தை அளக்க ஒரு கோல் கையில் கிடைக்கும்.

அதற்குப் பிறகு என்ன ஆனது?

மே 24 அன்று பாரிஸில் தன் இருபத்தைந்தாவது பிறந்தநாளில் பாடினார். 27 அன்று லண்டனில் பயணம் முடிந்தது. ஜூலை 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக் அருகே மோட்டார் சைக்கிள் விபத்து. அதோடு மேடைப் பயணங்களை நிறுத்திவிட்டார். அடுத்த சுற்றுப்பயணம் 1974இல்தான், அதுவும் இதே குழுவினரோடு.

அந்தக் குழு இடைப்பட்ட காலத்தில் லீவான் ஹெல்மைத் திரும்ப அழைத்துக்கொண்டு 'தி பேண்ட்' என்ற பெயரில் தனியாக வளர்ந்தது. 1968இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் பழைய கிராமிய இசையையும் ராக்கையும் பிரிக்கவே முடியாதபடி இழைத்தது. மான்செஸ்டரில் துரோகம் என்று பெயர் பெற்ற கலவையை இரண்டே ஆண்டுகளில் உலகம் கொண்டாடியது. கார்த் ஹட்சன் 2025 ஜனவரியில் மறைந்தார்; மேடையிலிருந்த ஐந்து துணைக் கலைஞர்களில் இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை.

காட்சிப் பதிவு இருக்கிறதா?

ஆவணப்பட இயக்குநர் டி. ஏ. பென்னிபேக்கரின் குழு அந்தப் பயணத்தை வண்ணத்தில் படமெடுத்தது. மார்ட்டின் ஸ்கோர்செஸி 2005இல் வெளியிட்ட 'நோ டைரக்‌ஷன் ஹோம்' ஆவணப்படத்தில் 'யூதாஸ்' தருணத்தையே பார்க்கலாம்.

முழுப் பயணத்தின் பதிவுகளும் வேண்டும் என்றால்?

2016இல் அந்த ஆண்டின் கச்சேரிப் பதிவுகள் 36 குறுந்தகடுகள் கொண்ட பெட்டியாக வந்தன. பாடல் பட்டியல் ஊருக்கு ஊர் அநேகமாக மாறுவதில்லை. ஆராய்பவருக்கு அது புதையல். மற்றவர்களுக்கு மான்செஸ்டர் இரவே போதும். மற்ற ஊர்களில் தனித்தனிப் பாடல்கள் இதைவிடச் சிறப்பாக அமைந்த இடங்கள் உண்டு, ஆனால் கூட்டமும் கலைஞரும் ஒருவரையொருவர் இவ்வளவு நெருக்கமாகக் கேட்டுக்கொண்டு, பதிலுக்குப் பதில் கொடுத்த இரவு வேறில்லை.

இதே அமைப்பில் வேறு ஆல்பங்கள் உண்டா?

க்ராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் குழுவின் '4 வே ஸ்ட்ரீட்' 1971இல் வந்தது. அதிலும் ஒரு தட்டு அக்கூஸ்டிக், அதாவது மின்சாரக் கருவிகள் இல்லாதது, மற்றொன்று எலெக்ட்ரிக். நால்வரின் தனித்தன்மையும் முதல் தட்டில் நன்றாகத் தெரிகிறது. இரண்டாம் தட்டில் கிட்டார்கள் சில இடங்களில் தேவைக்கு மேல் நீள்கின்றன.

அதே குழுவின் நீல் யங், 1979இல் 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' ஆல்பத்தை இதே முறையில் அமைத்தார்: ஒரு பக்கம் தனிக் கிட்டார், மறுபக்கம் 'க்ரேஸி ஹார்ஸ்' குழுவின் இரைச்சல். பெரும்பகுதி மேடையில் பதிவானது, பின்னர் கூட்டத்தின் ஓசையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் ஒன்றே, முதலில் மரக் கிட்டாரில், பிறகு மின்சாரத்தில். 'லைவ் 1966'ஐக் கேட்ட பிறகு அடுத்ததாக நான் பரிந்துரைப்பது அதைத்தான். அதை வாங்கினால் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.